முற்றத்து இலையும் மூன்றாம் மாடி யோசனையும்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் உங்கள் மனைவியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வலது தோள் சம்மதிக்கவில்லை. ஆகவே, தோள் நீங்கலாக நான் நலம். முழங்கால் நீங்கலாக உங்கள் அக்காவும் நலம். அக்கம்பக்கத்தாரின் நலத்தைப் பற்றிப் பேசும் யோக்கியதை எனக்கு இப்போது இல்லை. அது எப்படி இல்லாமல் போயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் என்னைப் பேச விட்டதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் வீட்டு முற்றம் உங்களுக்குத் தெரியும். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், நடுவில் நாங்கள். மரம் ஒன்றே ஒன்றுதான் என்றாலும், ஊரில் உள்ள மரங்களுக்கெல்லாம் சேர்த்து அதுவே இலை உதிர்க்கிறது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காலையில் உங்கள் அக்காதான் பெருக்குவாள். நான் எழுந்து பேப்பரை எடுக்கப் போகும்போது முற்றம் சுத்தமாக இருக்கும். அது தானாகவே அப்படி இருக்கிறது என்றுதான் நான் எண்ணியிருந்தேன் போலிருக்கிறது. அவளுடைய முழங்கால் வீங்கி, டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, “இனிமே குனியவே கூடாதும்மா. கீழ விழுந்தது கீழயே கிடக்கட்டும்” என்று சொன்ன பிறகுதான் இலை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. ஒரு வாரத்தில் கேட்டைத் திறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் பெண், ராத்திரி டியூட்டிக்குப் போகிற பெண், சாயங்காலம் கிளம்புவதற்கு முன் நம் வீட்டுக்கு வந்து உங்கள் அக்காவின் காலைப் பிடித்து மெல்ல மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவாள். நாங்கள் கேட்காமலே அவளாகச் செய்வது. ஒருநாள் அவளே சருகில் சறுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பாத்து சார், அம்மா விழுந்தா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றாள்.

சரியென்று மறுநாள் காலை நானே துடைப்பத்தை எடுத்தேன். தண்ணீர் வாரியத்தில் தலைமை எழுத்தராக இருந்தவன் நான். கோப்பைத் தவிர வேறெதையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளிப் பழக்கமில்லை. நான்கு வீச்சு வீசியிருப்பேன். எதிர்வீட்டுக் கண் டாக்டர் மாடியில் நின்றுகொண்டு, “என்ன சார், பதவி உயர்வா?” என்று கேட்டார். சும்மா வேடிக்கைக்குத்தான் கேட்டார். ஆனாலும் துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு, ஏதோ மரத்தை ஆராய வந்தவன் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டேன். அப்போதுதான் இலையை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்று வாங்கும் எண்ணம் வந்தது. துடைப்பம் பிடித்தால் பெருக்குகிறவன், இயந்திரம் பிடித்தால் இயக்குகிறவன் அல்லவா?

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். உங்களுக்குப் போன் செய்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் கதை அதுதான்.

மூன்றாம் மாடியில் குடியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஒரு தொட்டிச் செடிகூடக் கிடையாது. இருந்தும் இலை ஊதும் இயந்திரத்தைப் பற்றி அன்று நீங்கள் பேசிய பேச்சைக் கேட்டு, இவர் காப்பீட்டு ஏஜெண்டாகப் போனது தோட்டக்கலைக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று நான் உண்மையிலேயே வருந்தினேன். கடைக்குப் போனபோதும் உங்களைப் போனில் வைத்துக்கொண்டே போனேன். கடையில் இருந்த அம்மாள் பொறுமையாக மூன்று வகை எடுத்து வைத்தார். “இது கரண்ட்ல ஓடுறது சார். வயர் நீளமா இழுக்கணும். இது பேட்டரி, கையில தூக்கிக்கலாம், சத்தம் கம்மி. இது பெட்ரோல், முதுகுல மாட்டுறது. உங்களுக்கு இடம் எவ்வளவு சார்?” என்றார். “முன்னால கொஞ்சம், பின்னால கொஞ்சம்” என்றேன். “அப்ப கண்ணை மூடிக்கிட்டு பேட்டரியை எடுங்க” என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. கை அந்தப் பெட்டி மேல் போய்விட்டது. அப்போது போனுக்குள்ளிருந்து உங்கள் குரல், கடை முழுவதும் கேட்கிற மாதிரி: “அத்தான்! சின்னதை வாங்கிட்டு அப்புறம் பெருசுக்கு அலையாதீங்க! பேட்டரி பாதியில நின்னா இலை உங்களைப் பாத்துச் சிரிக்கும்! முதுகுல மாட்டுறதை எடுங்க!” அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், என் முதுகைப் பார்த்தார். “எஸ்டேட் ஏதும் இருக்கா சார்?” என்று மட்டும் கேட்டார். எனக்கு இருப்பதெல்லாம் ஒரு மைத்துனர்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பெரியதையே கட்டச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தால், முதுகில் ஓர் எஞ்சின், அதன் பக்கவாட்டிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய், அதில் ஒரு பிடி, பிடியில் ஒரு விசை. உங்கள் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “இலைக்கா இது?” என்றாள். “தம்பி சொன்னான்” என்றேன். பிறந்த வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும் என்று போனில் சொன்னீர்கள். அளவுக்கு அடுப்படிக் கப்பை எடுத்தேன். அந்தக் கப் இன்றுவரை அடுப்படிக்குத் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. பிறகு கயிற்றை இழுக்கச் சொன்னீர்கள். இழுத்தேன். சோக்கை இழுத்துவிட்டு இழுக்கச் சொன்னீர்கள். இழுத்தேன். “வெடுக்குனு இழுங்க அத்தான், கல்யாண வீட்டுல விசிறி வீசுற மாதிரி இழுக்காதீங்க” என்றீர்கள். வெடுக்கென்று இழுத்தேன், தோளில் ஏதோ ஒன்று வெடுக்கென்றது. எஞ்சின் மட்டும் அசையவில்லை. அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து உங்கள் அக்கா, “அந்தச் சிவப்பு ஸ்விட்சுல ஆஃப்னு போட்டிருக்கே, அது எதுக்கு?” என்று கேட்டாள்.

இதற்கு மேல் ‘நீங்கள்’ போட்டு எழுத எனக்குத் தெம்பில்லை, தம்பி. நீ என்றே எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

அது கிளம்பியது. எப்படிக் கிளம்பியது என்கிறாய்? மரத்தில் இருந்த பறவைகளெல்லாம் ஒரே மூச்சில் காலி செய்துவிட்டுப் போய்விட்டன. நான் விசையை அழுத்தினேன். காலடியில் கிடந்த சருகு எழுந்தது. எழுந்தது சும்மா போகவில்லை. எதிர்க்காற்றில் திரும்பி வந்து என் வாயிலும் சட்டைப் பையிலும் புகுந்துகொண்டது. இந்தப் பக்கம் திரும்பி ஊதினேன். அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் திரும்பினேன்; வீட்டுக்குள் போனது. உன் அக்கா ஏதோ கத்தினாள். வாய் அசைந்தது தெரிந்தது, சொன்னது காதில் விழவில்லை. பொறுமை இழந்து விசையை முழுக்க அழுத்தினேன். முற்றம் ஒரு நொடியில் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது, பொய் சொல்லவில்லை. அங்கே கிடந்ததெல்லாம், வருஷக்கணக்காகச் சுவரோரம் படிந்திருந்த மண் உள்பட, மொத்தமாகச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கொடியில் ஈரமாகக் காய்ந்துகொண்டிருந்த நர்ஸ் பெண்ணின் வெள்ளைச் சீருடைகளில் போய் ஒட்டிக்கொண்டது.

அவள் வெளியே வந்தாள். விடிந்து வீடு திரும்பி, அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. சுவருக்கு மேல் முகம் மட்டும் தெரிய நின்று, “சார், ராத்திரி பூரா வார்டுல மிஷின் சத்தம். வீட்டுக்கு வந்தா நீங்க” என்றாள். பிறகு சீருடைகளைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம் அவள் பயிற்சி கொடுக்க வரவில்லை. உன் அக்கா நாற்காலியில் காலை நீட்டியபடி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்குப் போடும் நேரம் ஆனதும், “அந்தப் பொண்ணு இன்னிக்கு வரல” என்றாள். அவ்வளவுதான். அதைவிட நாலு வார்த்தை கூடப் பேசியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

மறுநாள் மத்தியானம் நர்ஸ் பெண் எழுந்திருக்கும் நேரம் பார்த்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். சீருடைகளை நானே துவைத்துத் தருகிறேன் என்று கெஞ்சி வாங்கி வந்தேன். அதுவரை நான் செய்தது சரிதான். துவைத்தாயிற்று, வெள்ளையாகவும் ஆயிற்று. ஆனால் வானம் மூடிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் அவளுக்கு ஒன்றாவது வேண்டும். “இஸ்திரி போட்டே காய வச்சிடலாம், கொண்டாங்க, உக்காந்துக்கிட்டே போடுறேன்” என்றாள் உன் அக்கா. நல்ல புத்திக்காரி சொன்ன நல்ல யோசனை. நான் கேட்டேனா? உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கே நினைவிருக்கும். “அத்தான், காத்து மிஷினைக் கையில வச்சுக்கிட்டு வெயிலுக்குக் காத்திருக்கீங்களே!” என்றாய்.

ஒரு சீருடைச் சட்டையை மட்டும் கொடியில் மாட்டினேன். கிளிப் போட்டேன். தூரத்தில் நின்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். சட்டை அழகாக உப்பி, உள்ளே யாரோ நின்று மூச்சு விடுகிற மாதிரி ஆடியது. காய்கிறதே என்ற சந்தோஷத்தில் ஓர் எட்டு கிட்டே போனேன். கிளிப் ஒரு பக்கம் தெறித்தது, சட்டை ஒரு பக்கம் பறந்தது. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, யாருக்கோ ஆசி சொல்வது போல மேலே மேலே போய், தெருக் கம்பத்து மின்கம்பியில் உட்கார்ந்துகொண்டது. சரி, ஏற்றியதும் நாம், இறக்குவதும் நாமாகவே இருப்போம் என்று கம்பத்துக்கு அடியில் போய் மேல்நோக்கி ஊதினேன். அதுவரை ஒரு கம்பியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, இப்போது இரண்டு கம்பிகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டது. ‘டப்’ என்று ஒரு சத்தம். தெரு முழுக்க மின்விசிறிகள் நின்றன. அந்த நிசப்தத்தில் என் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததால், யார் செய்த வேலை என்று யாரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்வீட்டுக் கண் டாக்டர் கையில் டார்ச்சோடு ஓடி வந்தார். அவருடைய முன்னறையில்தான் கிளினிக். “சார், உள்ள ஒருத்தர் கண்ணுல மருந்து ஊத்தி முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். கரண்ட் போனது தெரியாம, ‘டாக்டர், எனக்குச் சுத்தமா தெரியலையே’ன்னு அழுவுறார் சார்!” என்றார். அவரே லைன்மேனுக்கும் போன் செய்தார். லைன்மேன் வந்து, கம்பத்தை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், என் முதுகில் இருந்ததைப் பார்த்தார். “எந்த ஆபீஸ்ல சார் இருந்தீங்க?” என்றார். தண்ணீர் வாரியம் என்றேன். “அதான பாத்தேன். எங்க கேபிளையெல்லாம் கீழ தோண்டி அறுத்தது போதாதுன்னு, இப்ப மேலயும் வந்துட்டீங்களா?” என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தத் தோண்டல் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் போயின.

சட்டை இறங்கி வந்தபோது குறுக்கே இரண்டு கரிக்கோடுகள். நர்ஸ் பெண் அதைக் கையில் வாங்கவே இல்லை. யாரிடமோ இரவல் வாங்கிய, தோள் இரண்டும் தொங்குகிற சீருடையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனாள். கேட்டுக்குள்ளிருந்து நான் பார்த்தேன். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. உன் அக்காவின் கால் மறுபடி இறுக ஆரம்பித்தது. நான் பயிற்சி கொடுக்கிறேன் என்று போய்ப் பிடித்தால், “விடுங்க, நீங்க இழுத்தா அதுவும் பறந்துடும்” என்பாள். சிரிக்காமல் சொல்வாள், தம்பி. அதுதான் கஷ்டமாக இருந்தது. நாலைந்து நாள் இப்படியே போனது. ஒருநாள் சாயங்காலம் நான் பின்பக்கம் இருந்தபோது கேட் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், உன் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ஓரடி வைப்பாள், நிற்பாள், மூச்சு வாங்கிக்கொள்வாள், மறுபடி ஓரடி. டாக்டரைப் பார்க்க வண்டி ஏறியதைத் தவிர அவள் வாசலைத் தாண்டியே வாரக்கணக்கில் ஆகிறது. நான் ஓடிப்போய்க் கையைக் கொடுத்தேன். “வேணாம். நீங்க உள்ள இருங்க” என்றாள். நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க, வலிக்கிற காலோடு அவள் போகிறாள். நான் உள்ளே நிற்கிறேன். கிண்டல், ஏச்சு எல்லாம் வாங்கிப் பழகியவன்தான் நான். ஆனால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த நடையைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த மாதிரி ஒரு நேரம் எனக்கு உத்தியோக காலத்தில்கூட வந்ததில்லை.

திரும்பி வரும்போது அந்தப் பெண் உன் அக்காவைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தாள். நாற்காலியில் உட்கார வைத்து, தரையில் உட்கார்ந்து, காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் கண்ணும் ஈரம், இவள் கண்ணும் ஈரம். நான் காபி போட்டுக்கொண்டு வந்தேன். “சார், அம்மாவை இனிமே இப்படி நடக்க விடாதீங்க. நானே வர்றேன். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அதைத் தொடாதீங்க” என்றாள். தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆகவே இப்போது காலையில் துடைப்பம்தான். கண் டாக்டர் பார்க்கிறார், பார்க்கட்டும். இடுப்பு ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். நான் பெருக்கி முடித்துத் திரும்பினால் மரம் இன்னொரு கை உதிர்த்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல நிற்கிறது. எனக்கு மரத்தோடும் சண்டையில்லை, உன்னோடும் சண்டையில்லை. சண்டை போடத் தெம்பில்லை. என் வேண்டுகோள் ஒன்றுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த ஊதும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடு. விற்பாயோ, மூன்றாம் மாடியில் மாட்டி வைப்பாயோ, அது உன் பாடு. ஞாயிறு தாண்டி அது இந்த வீட்டில் இருக்கக் கூடாது. இது முடிவு. இனி இந்த வீட்டுக்கு ஒரு குண்டூசி வாங்குவதானாலும் உன் யோசனையைக் கேட்கப் போவதில்லை. இதுவும் முடிவு.

உன் மனைவியிடம் நான் விசாரித்ததாகச் சொல். குழந்தைகள் நன்றாகப் படித்து, தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல்லும் தைரியத்தோடு வளர வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். உனக்கும் ஒரு குறைவும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
துடைப்பமும் கையுமாக,
உன் அத்தான்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

மூன்று நாள் முன்பு இதை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது உன் அக்கா, “தம்பிக்கு என்ன எழுதினீங்க?” என்றாள். சொன்னேன். “அதைப் பிடிக்கக் குனியணுமா?” என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால், குனியவே வேண்டாம். “இந்த முற்றத்துல எந்த நேரம் காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு எனக்குத் தெரியும். ஒருத்தராவது ஒரு தடவை என் கையில குடுத்துப் பாத்தீங்களா?” என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. உனக்கும் தோன்றவில்லை.

நர்ஸ் பெண் அப்போது அங்கேதான் இருந்தாள். கொடுத்த வாக்கைச் சொன்னேன். “நீங்க தொடக் கூடாதுன்னுதான் சொன்னேன். ஆனா அம்மா இவ்வளவு வெயிட்டைத் தூக்கக் கூடாது” என்றாள். “நான் எதுக்குத் தூக்கணும்? அதுக்குத்தான் இவர் இருக்காரே” என்றாள் உன் அக்கா. எனவே இப்போதைய ஏற்பாடு இதுதான்: எஞ்சின் என் முதுகில். குழாயும் விசையும் அவள் கையில். அந்தப் பெண் தூங்கி எழுந்த பிறகு, சாயங்காலம், பக்கத்து வீட்டுக் கொடியில் துணி இல்லாத நேரமாகப் பார்த்து ஆரம்பிக்கிறோம். கண் டாக்டர் நோயாளிகளை விட்டுவிட்டு மாடிக்கு வந்து நின்று பார்க்கிறார். உன் அக்கா நிமிர்ந்து நின்று, விசையைக் கொஞ்சமே கொஞ்சம் அழுத்தி, ஒரு சருகு சுவரைத் தாண்டாமல் எல்லாவற்றையும் மூலையில் கொண்டுபோய்க் குவித்துவிடுகிறாள்.

அந்தச் சத்தத்தில் பேசினால் கேட்காது. அதனால் நான் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்துத் தோளில் தட்டுகிறாள். இடது தோளில் தட்டினால் இடப்பக்கம், வலது தோளில் தட்டினால் வலப்பக்கம், தலையில் தட்டினால் நிற்க வேண்டும். இத்தனை வருஷம் வாய் வலிக்கச் சொல்லியும் நடக்காததெல்லாம் இப்போது தட்டினால் நடக்கிறது என்று நர்ஸ் பெண்ணிடம் சொல்லிச் சிரிக்கிறாள். வலது தோளில் மட்டும் கொஞ்சம் மெதுவாகத்தான் தட்டுகிறாள்.